தப்ப தகரம்

அப்பா பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய அன்றுதான் துருவிக்கு முதல் சந்தேகம் வந்தது.

பச்சைச் சட்டையில் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். வேறு யாருடைய அப்பாவாவது போட்டிருந்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் துருவியின் அப்பா டிவியில் வானிலை சொல்பவர். ஊரே அவரை 'மழைக்காரர்' என்றுதான் கூப்பிடும்.

டிவியில் பார்க்கும்போது அவர் ஒரு பெரிய வரைபடத்தின் முன்னால் நிற்பார். "இங்கே மேகம், அங்கே காற்று" என்று கையைக் காட்டுவார். உண்மையில் அவருக்குப் பின்னால் வரைபடமே கிடையாது. வெறும் பச்சைத் துணிதான் தொங்கும். பச்சை தெரியும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் வரைபடத்தை ஒட்டிவிடும்.

"அங்க போய் நான் பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு நின்னா என்ன ஆகும் தெரியுமா?" என்று அப்பாவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். "என் வயித்துலயும் மேகம் ஓடும். தலையும் ரெண்டு கையும் மட்டும் ஆகாசத்துல மிதக்கும்!"

அதனால்தான் அம்மா ஆசையாக ஒரு பச்சைச் சட்டை தைத்துக் கொடுத்தபோதுகூட, "லீவு நாள்ல போட்டுக்கறேன்" என்று மடித்து வைத்துவிட்டார்.

அந்தச் சட்டையைத்தான் இன்று போட்டிருந்தார்.

"அப்பா, இன்னிக்கு லீவா?" என்று துருவி கேட்டாள்.

"இல்லையே கண்ணு. வேலைக்குத்தான் போறேன்."

"அப்ப பச்சைச் சட்டை?"

அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். யாரோ தூங்கும்போது அவருக்கு மாட்டிவிட்டதைப் போலப் பார்த்தார்.

"அது... துணியை மாத்திட்டாங்க. இப்பல்லாம் நீலத் துணி."

"ஏன் மாத்தினாங்க?"

"பழசாயிடுச்சு."

"பழசானா புதுப் பச்சைத் துணி வாங்கலாமே?"

"நேரமாச்சு, நேரமாச்சு" என்று அப்பா படியிறங்கிவிட்டார். ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து, படிக்குப் படி தட்டிக்கொண்டே போனது.

இப்போது புரிந்திருக்குமே, அவளுக்கு ஏன் துருவி என்று பெயர் வந்தது என்று? எதையும் துருவித் துருவிக் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஓர் அழகான பெயர் உண்டு. ஆனால் வருகை எடுக்கும் டீச்சரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்வதில்லை.

துருவி அறைக்குள் வந்து உட்கார்ந்து யோசித்தாள். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும். பழைய சந்தேகங்களெல்லாம் 'நானும் இருக்கேன், நானும் இருக்கேன்' என்று வரிசையில் வந்து நிற்கும்.

போன வாரம் வீட்டு டிவி திடீரென்று கெட்டுப்போனது. கீழ்த்தளத்தில்தான் டிவி மெக்கானிக் மாமாவின் கடை. ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவார். ஆனால் அப்பா கூப்பிட விடவில்லை. "டிவி இல்லாம இருக்கறது கண்ணுக்கு நல்லது" என்றார். டிவியில் வேலை பார்ப்பவர் சொல்லும் பேச்சா இது?

அப்புறம் பவுடர். டிவியில் முகம் பளபளக்கக் கூடாது என்று அப்பாவுக்குத் தினமும் பவுடர் பூசுவார்கள். அது சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டு வரும். "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கூட இவ்வளவு அழுக்கு பண்ண மாட்டார்" என்று அம்மா புலம்பிக்கொண்டே தேய்ப்பாள். இப்போது சில நாட்களாக அம்மா புலம்பவே இல்லை.

அப்புறம் மூக்கு. அப்பா வீட்டுக்கு வரும்போது மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கன்றிப்போயிருக்கும். கேட்டால், "கொசு" என்பார். இரண்டு பக்கமும் சரியாக ஒரே இடத்தில் கடிக்கும் கொசு எந்த ஊரில் இருக்கிறது?

துருவி நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய் மெக்கானிக் மாமாவின் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் துருவியின் வகுப்புத் தோழி. தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் அவள் பெயர் கண்ணாடி.

கண்ணாடி டிவிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தாள்.

"டிவி கெடவே இல்லடி. வயர் நுனி பிளக்குல இருக்கற முள்ளைக் காணோம். யாரோ கழட்டியிருக்காங்க."

"எலியா இருக்குமோ?"

"எலிக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் கண்ணாடி.

* * *

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு இடி விழுந்தது.

இடைவேளையில் குட்டையன் வந்து எதிரில் நின்றான். குட்டையன் என்பது பட்டப்பெயர்தான். வகுப்பிலேயே உயரமானவன் அவன்.

"உங்கப்பாவை ஏன் டிவியில காணோம்?" என்றான்.

"யார் சொன்னா? தினமும் வர்றாரே."

"எங்க வர்றாரு? ஒரு பொம்மை அக்காதான் வருது. கம்ப்யூட்டர்ல பண்ணினதாம். கண்ணே சிமிட்டாது."

"பொய்!"

"நீயே போய்ப் பாரேன்."

துருவிக்குக் காது சூடாகிவிட்டது. "எங்கப்பா தினமும் டிவிக்குத்தான் வேலைக்குப் போறார்! எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாள். கத்திய பிறகுதான், உண்மையிலேயே தனக்குத் தெரியுமா என்ற கேள்வி உள்ளே எழுந்தது.

அன்று மாலை கண்ணாடியின் வீட்டு டிவி முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். செய்தி முடிந்தது. வானிலை வந்தது.

குட்டையன் சொன்னது பொய்யில்லை. வரைபடத்தின் முன்னால் ஒரு பெண் நின்றாள். முகத்தில் ஒரு மருகூட இல்லை. ஒரு முடிகூடக் கலையவில்லை. "நாளை லேசான மழை பெய்யும்" என்று சிரித்தாள். "கடலில் சூறாவளி வீசும்" என்றும் அதே சிரிப்பைச் சிரித்தாள்.

கண்ணாடிக்குச் சங்கடமாக இருந்தது. "ஒரு நாள் மட்டும் இருக்கும்டி" என்றாள்.

துருவி எழுந்துகொண்டாள். அப்பா இன்றும் தலை சீவி, ஷூ மாட்டி, "டிவி நிலையத்துக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்பினார்?

அப்படியானால் எங்கே போகிறார்?

* * *

அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. தைக்கும்போது அம்மாவுக்கு ரேடியோ வேண்டும். அந்த ஊருக்கென்று இருப்பது ஒரே ஒரு சின்ன ரேடியோ நிலையம். அதில் மாலை நேரத்தில் 'நம்ம நகரம்' என்றொரு நிகழ்ச்சி புதிதாக வருகிறது. எந்தத் தெருவில் தண்ணீர் வராது, யாருடைய பொருள் தொலைந்துபோயிற்று என்றெல்லாம் சொல்வார்கள்.

அதைச் சொல்பவர்தான் ஒரு தினுசான ஆள்.

"வடக்கம், தேயர்களே! இது தப்ப தகரம்!" என்றது ரேடியோ.

துருவியின் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது இன்னும் ஆகவில்லை. "தப்ப தகரம்! தப்ப தகரம்!" என்று கட்டிலில் குதித்தான்.

"கறுப்புப் பூடை ஒன்று காடவில்லை" என்றது ரேடியோ.

"பூடைன்னா என்னம்மா? பூண்டா?"

"பூனைடா" என்றாள் அம்மா. "இந்த மனுஷனுக்குப் பிறந்ததிலிருந்தே மூக்கடைப்பு போல. தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி ஒரு குரல். இவரை யாரு அறிவிப்பாளரா எடுத்தாங்களோ!"

நேற்று இரவுச் சாப்பாட்டின்போதும் அம்மா இப்படித்தான் கேலி செய்தாள். அப்போது அப்பாவுக்குப் புரையேறியது துருவிக்கு நினைவு வந்தது. "பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ" என்று அப்பா சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். முன்பின் தெரியாத ஆளுக்காக அப்பா ஏன் வருத்தப்பட வேண்டும்?

"அம்மா, அப்பா முதல்லேருந்தே டிவியிலதான் வேலை பார்த்தாரா?" என்று துருவி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஆரம்பிச்சுட்டியா துருவ?" என்று அம்மா சிரித்தாள். "முதல்ல பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளரா இருந்தார். எந்த பஸ் எங்க நிக்குதுன்னு ஒலிபெருக்கியில சொல்வார். நான் தையல் வகுப்பு முடிச்சுட்டு வந்து நிப்பேன். அவர் குரலைக் கேட்டுக்கிட்டே இருப்பேனா, என் பஸ் போயிடும். அடுத்ததும் போயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? 'இந்தப் பொண்ணு ஏன் தினமும் பஸ்ஸை விடுது'ன்னு அவரே இறங்கி வந்து கேட்டார். கல்யாணம் ஆச்சு. அதுக்கப்புறம் ரேடியோ. நல்ல பேர் வந்துச்சு. டிவிக்காரங்க கூப்பிட்டுக்கிட்டாங்க."

"இப்பவும் அவர் குரல்னா கண்டுபிடிச்சுடுவியா?"

"ஒரு 'வணக்கம்' போதுமே! திருவிழாக் கூட்டத்துல சொன்னாக்கூடக் கண்டுபிடிச்சுடுவேன்" என்றாள் அம்மா பெருமையாக. பிறகு கொடியைப் பார்த்து முகம் சுளித்தாள். "ஆமா, துணி மாட்டுற கிளிப்பெல்லாம் எங்க போகுது? வாங்கி வைக்க வைக்கக் காணாமப் போகுது. இந்த வீட்ல என்னதான் நடக்குதோ!"

அதைத்தான் துருவியும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

* * *

அடுத்த நாள் அப்பா கிளம்பிய சிறிது நேரத்தில், அம்மா ஒரு பையைக் கையில் கொடுத்தாள். "கடைத்தெரு பல் டாக்டரம்மாவோட கவுன். கொடுத்துட்டு வா. கண்ணாடியையும் கூட்டிக்கோ."

கீழே இறங்கியதும் கண்ணாடி தூரத்தில் கையைக் காட்டினாள். "அதோ உங்கப்பா!"

அப்பா டிவி நிலையத்துப் பேருந்து நிற்கும் பக்கம் திரும்பவில்லை. கடைத்தெருப் பக்கம் நடந்தார். அடிக்கடி திரும்பிப் பார்த்தார்.

"திருட்டு முழி முழிக்கிறாரே" என்றாள் கண்ணாடி.

"எங்கப்பாவைத் திருடன்னு சொல்லாத!"

"நான் முழியைத்தான்டி சொன்னேன்."

இருவரும் பல் டாக்டரம்மாவிடம் பையைக் கொடுத்தார்கள். அவர் இருவரின் பற்களையும் எட்டிப் பார்ப்பதற்குள் வெளியே ஓடி வந்தார்கள். அப்பா எதிர்ப்பக்கம் ஒரு டயர் கடைக்கு மேலே போகும் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தின் உச்சியில் ஓர் உயரமான கம்பிக் கோபுரம் நின்றது.

படியேறினார்கள். அப்பா யாரையாவது ஏமாற்றுகிறாரோ? அப்பாவை யாராவது மிரட்டுகிறார்களோ? ஒவ்வொரு படிக்கும் துருவிக்கு ஒரு பயம் கூடியது.

மேலே ஒரு நீளமான நடை. வருகிறவர்கள் காத்திருக்க ஒரு சோபா. சுவரில் ஓர் ஒலிபெருக்கி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. நடையின் கோடியில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. இருவரும் சோபாவுக்குப் பின்னால் குந்தி எட்டிப் பார்த்தார்கள்.

அறைக்குள் ஒரு மைக் இருந்தது. அதன் முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். காதுகளை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு துணி கிளிப்பை எடுத்தார்.

அதை மூக்கில் மாட்டினார்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"வடக்கம், தேயர்களே! இது தப்ப தகரம்!" என்றது நடையிலிருந்த ஒலிபெருக்கி.

கண்ணாடி தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி விழுந்தது. துருவிக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா தொலைந்த சாவிக்கொத்தைப் பற்றியும், வலது கால் செருப்பைப் பற்றியும் சொன்னார். "தேயர்கள் எங்களுக்குப் போன் செய்யலாப்" என்று எண்ணைச் சொன்னார். போன் அடிக்கவில்லை. ஒரு பாட்டைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது.

பக்கத்து அறையிலிருந்து ஓர் அக்கா கதவைத் திறந்து வந்தார். பொத்தான்களும் விளக்குகளும் நிறைந்த மேசையை இயக்குபவர் அவர்தான்.

"அண்ணே, எத்தனை நாளைக்கு இந்தக் கிளிப்போட கூத்தடிப்பீங்க? ஒரு போன்கூட வரல. இந்த வாரக் கடைசிக்குள்ள யாரும் போன் பண்ணலைன்னா நிகழ்ச்சியை நிறுத்திடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

அப்பா கிளிப்பைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "என் குரல்ல பேசினா வீட்ல கண்டுபிடிச்சுடுவாம்மா."

"கண்டுபிடிக்கட்டுமே! என்ன தப்பு பண்ணிட்டீங்க? டிவியில ஒரு பொம்மையை வெச்சுக்கிட்டு உங்களைப் போகச் சொன்னாங்க. அது உங்க தப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் ஹெட்போன் வயரையே சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு ஸ்கூல்ல 'எங்கப்பா டிவியில வர்றார்'னு சொல்லிக்கிட்டுத் திரியுது. 'உங்கப்பாவை வேலையை விட்டு எடுத்துட்டாங்களாமே'ன்னு நாலு பேர் கேட்டா அது முகம் என்ன ஆகும்? அதை நினைச்சாத்தான் சொல்ல வாய் வரல."

சோபாவுக்குப் பின்னால் துருவி இன்னும் தாழக் குனிந்துகொண்டாள்.

கண்ணாடி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, போய்க் கதவைத் தட்டலாம்."

"வேணாம்."

"ஏன்?"

"அந்த அக்கா முன்னாடி அப்பா எப்படி முழிப்பார்? பாவம்" என்றாள் துருவி.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. துருவி பேசாமல் வந்ததைக் கண்ணாடி அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள்.

அம்மாவிடம் சொன்னால் அம்மா அப்பாவைக் கேட்பாள். அப்பா தலைகுனிந்து நிற்பார். நேராக அப்பாவிடம் சொன்னால், "என்னை வேவு பார்த்தியா?" என்று அவருக்கு வலிக்கும். சும்மா இருந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்தாக இருந்தது.

வீட்டுப் படியில் கால் வைத்தபோது துருவி சட்டென்று நின்றாள்.

"கண்ணாடி, உங்கப்பா கடையில போன் இருக்குல்ல?"

* * *

மறுநாள் மாலை மெக்கானிக் மாமாவின் கடையில், வயிறு திறந்து கிடந்த டிவிகளுக்கு நடுவில் துருவி உட்கார்ந்தாள். மேலே அம்மாவின் தையல் இயந்திரம் தடதடவென்று ஓடும் சத்தம் கூரை வழியாகக் கேட்டது. அம்மாவும் தம்பியும் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடை ரேடியோவிலும் 'தப்ப தகரம்' தொடங்கியது. துருவி எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம்! நேயரா?" என்று அந்த மேசை அக்காவின் குரல் துள்ளியது. "நிஜமாவே நேயர்தானா? பக்கத்துல ரேடியோ இருந்தாச் சத்தத்தைக் குறைச்சிடுங்க. இல்லன்னா கீச்சுன்னு கத்தும். இதோ, கொடுக்கறேன்!"

மெக்கானிக் மாமா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"தப்ப தகரத்துக்குப் பேசுறது யாரு?" என்றது மூக்கடைத்த குரல்.

"துருவி."

அந்தப் பக்கம் 'டக்'கென்று ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. கிளிப்பாகத்தான் இருக்கும். பிறகு அமைதி. ரேடியோவில் அமைதி இருக்கவே கூடாது. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தாலும் கேட்பவர்கள் ரேடியோவைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்பா அவசரமாகக் கிளிப்பைத் தேடி எடுத்து மாட்டியிருக்க வேண்டும்.

"சொ... சொல்லுங்க. உங்களோட என்ன பொருள் காடவில்லை?"

"ஒரு குரல் காணோம் சார்" என்றாள் துருவி. "எங்கப்பாவோட குரல்."

மேலே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. போனில் பேசுவது யார் என்று அந்தச் சத்தத்தில் அம்மாவுக்குப் பிடிபடவில்லை போல.

"அ... அடையாளம்?"

"கனமா இருக்கும். ஆனா மிரட்டுற மாதிரி இருக்காது. புயல் வருதுன்னு அந்தக் குரல் சொன்னாக்கூடப் பயம் வராது. எங்கப்பா பார்த்துக்குவார்னு தோணும். ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்."

"எப்போலேருந்து காடவில்லை?"

"அவரோட பழைய வேலை போனதிலேருந்து. வேலை போனது எனக்குத் தெரியும் சார். எனக்கு அதுல வெட்கமே இல்ல. ஸ்கூல்ல யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்குவேன். எனக்குத்தான் நல்லாப் பேச வருமே!"

கண்ணாடி அவள் முதுகில் தட்டினாள்.

"அந்தக் குரல் கிடைச்சா..." என்று எதிர்ப்பக்கம் தடுமாறியது. "எங்க கொண்டுவந்து ஒப்படைக்கடும்?"

"எங்கயும் கொண்டுவர வேண்டாம். அந்த மைக் முன்னாடியே வெச்சுடச் சொல்லுங்க. நாங்க ரேடியோவுலயே கேட்டுக்கறோம்."

மறுபடி அமைதி. இந்த முறை நீண்ட அமைதி. மெக்கானிக் மாமா தன்னையறியாமல் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்.

பிறகு தொண்டையைச் செருமும் ஒரு சத்தம்.

"வணக்கம், நேயர்களே."

மேலே தையல் இயந்திரம் நின்றது.

"இது நம்ம நகரம்" என்றது அந்தக் குரல். தகரமும் இல்லை, டப்பாவும் இல்லை. கனமாக, இதமாக, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. "இத்தனை நாள் மூக்கடைப்போட பேசினதுக்கு என்னை மன்னிச்சுக்கணும். இப்பத்தான் ஒரு நல்ல வைத்தியர் போன் பண்ணினாங்க. உடனே சரியாயிடுச்சு. அந்த வைத்தியருக்கு என் நன்றி. இனி செய்திகளுக்குப் போகலாம்..."

செய்திகளுக்குப் போகவே முடியவில்லை. போன் அடித்தது. "ஐயா, நீங்க எங்க மழைக்காரர்தானே? எங்க போயிட்டீங்க இத்தனை நாளா?" என்றார் ஒரு மீன் கடைக்காரர். அவர் வைப்பதற்குள் அடுத்த போன். "அந்தப் பொம்மை சொல்றதை நம்பித் துணி காயப் போடவே பயமா இருக்கு. நாளைக்கு வெயில் அடிக்குமா, நீங்களே சொல்லுங்க" என்றார் ஒரு சலவைக்காரர். மேசை அக்கா பின்னால் மகிழ்ச்சியில் கத்துவதுகூட ரேடியோவில் கேட்டது.

படியில் திடுதிடுவென்று சத்தம். கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் தம்பியுமாக அம்மா கடை வாசலில் வந்து நின்றாள். கண்கள் நனைந்திருந்தன. ஆனால் வாய் திட்டிக்கொண்டிருந்தது.

"வேலை போச்சாமே! எங்கிட்ட சொன்னா நான் என்ன வீட்டை விட்டா துரத்தப்போறேன்? அதுவும் அவர்கிட்டயே, அவரையே, தகர டப்பான்னு... ஐயையோ!" என்று தலையில் கை வைத்தவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. துருவியை இழுத்து அணைத்துக்கொண்டாள். கத்தரிக்கோலைக் கண்ணாடி பத்திரமாக வாங்கி வைத்தாள்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். ஷூவைக் கழற்றவே நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க" என்றாள் அம்மா. "வேலை போனது எனக்குப் பெருசில்ல. எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் கோபம். அந்தக் கோபம் ரெண்டு நாளைக்கு இருக்கும். அதுக்குள்ள சாப்பாடு ஆறிடும். முதல்ல கையைக் கழுவுங்க."

அப்பா கையைக் கழுவினார். சட்டைப் பையிலிருந்து சிறிய உலோக முள்ளொன்றை எடுத்து டிவியின் மேல் வைத்தார். இன்னொரு பையிலிருந்து கை நிறையத் துணி கிளிப்புகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு துருவியின் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பச்சைச் சட்டை" என்றாள் துருவி.

"அடடா!" என்று அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரேடியோவுலதான் எந்தச் சட்டை வேணாலும் போடலாமேன்னு ஆசைப்பட்டுப் போட்டேன். அது இப்படிக் காட்டிக்கொடுக்கும்னு நினைக்கல."

"பொய் சொல்ல உங்களுக்கு வரலப்பா. மூக்குல கொசுன்னு சொன்னீங்களே, அதுவும் சரியில்ல."

"மன்னிச்சுடு கண்ணு" என்றார் அப்பா. அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது. இந்த முறை அதற்குக் கிளிப் காரணமில்லை.

மறுநாள் மாலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு வந்து வழியனுப்பினாள். துருவி மாடிக் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா திரும்பித் திரும்பிப் பார்க்காமல், படிகளின் நடுவில் நிமிர்ந்து இறங்கினார்.

கீழே மெக்கானிக் மாமா கடையிலிருந்து தலையை நீட்டினார். "என்ன சார், எங்க கிளம்பிட்டீங்க?"

"ரேடியோவுக்குங்க!" என்றார் அப்பா.

மூன்று மாடிக்கும் கேட்டது.